வீடு வீடாகப் போய் பியானோ ட்யூன் பண்ணுவதில் காசைத் தவிர என்ன கிடைக்கிறது?

#1 கற்றுக்குட்டி

எல்லோருக்கும் வணக்கம். இரண்டு வருடமாக ஒரு பெரியவரிடம் பியானோ ட்யூனிங் கற்றுக்கொண்டு வருகிறேன். வார நாளில் அலுவலகம், சனி ஞாயிறு அவர் பின்னால் பையைத் தூக்கிக்கொண்டு அலைச்சல்.

முதல் மூன்று மாதம் என்னை ஒரே ஒரு சுரத்தில் உட்கார வைத்தார். நடு ஏ. அதற்கு மூன்று கம்பி. நடுக்கம்பியைத் தொடாதே, இடது கம்பியைக் கலைத்துவிட்டு மறுபடி சேர், அப்புறம் வலது கம்பி. அவ்வளவுதான் பாடம். வெறுத்துப் போய் விட்டுவிடலாம் என்றுகூட நினைத்தேன். இப்போது அவர் மேற்பார்வையில் அறுபது பியானோ வரை முழுசாகச் செய்திருக்கிறேன். அலுவலக வேலையை விட்டுவிட்டு இதையே முழுநேரமாகச் செய்யலாமா என்று யோசனை.

வருமானக் கணக்கை நானே போட்டுக்கொள்வேன், அதைக் கேட்கவில்லை. வருடக்கணக்கில் வீடுகளுக்குப் போய் இந்த வேலையைச் செய்கிறவர்களுக்கு உள்ளுக்குள் என்ன கிடைக்கிறது? பெரியவரிடம் கேட்டால் "செய்துபார், தெரியும்" என்கிறார். அதற்கு மேல் வாயைத் திறக்க மாட்டார்.

#2 பழையகம்பி

28 வருடமாகச் செய்கிறேன் தம்பி. உங்கள் பெரியவர் சரியாகத்தான் சொல்லியிருக்கிறார், ஆனாலும் அந்த மூன்று மாதத்திலேயே உங்களுக்குப் பாதி விடை வந்திருக்கும்.

இரண்டு கம்பி கொஞ்சம் விலகியிருக்கும்போது "வாவ்... வாவ்... வாவ்" என்று ஒரு அலை வருமே, கம்பியை முறுக்கும் லீவரை மயிரிழை நகர்த்த நகர்த்த அது "வாஆஆவ்" என்று நீண்டு, இன்னும் நீண்டு, ஒரு கட்டத்தில் அலையே இல்லாமல் போகும். அந்த இடத்தில் ஒலி பெரிதாவதும் இல்லை, சிறிதாவதும் இல்லை. தெளிகிறது. குளத்துத் தண்ணீர் ஆடி அடங்கியதும் தரை தெரிகிற மாதிரி. இத்தனை வருடம் ஆன பிறகும் ஒவ்வொரு முறையும் எனக்கு நெஞ்சில் ஏதோ ஒன்று சரியாக உட்காரும். ஒரு பியானோவில் ஏறக்குறைய 230 கம்பி. ஒரு நாளைக்கு இரண்டு மூன்று பியானோ. கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள், ஒரு நாளில் எத்தனை முறை அது நடக்கிறது என்று. எந்த அலுவலகத்தில் இது கிடைக்கும்?

அடுத்தது, வேலை முடிகிறது. இது சின்ன விஷயம் மாதிரித் தெரியும். ஒன்பதரை மணிக்கு உள்ளே போனால் பதினொன்றரைக்கு முடித்து மூடியைச் சாத்திவிட்டு வெளியே வருகிறேன். மிச்சம் மீதி எதுவும் தலையில் ஏறி வீட்டுக்கு வருவதில்லை. என் தம்பி பெரிய பதவியில் இருக்கிறான், ஞாயிற்றுக்கிழமையும் மடிக்கணினி. நான் ஞாயிற்றுக்கிழமை தூங்குவேன்.

மூன்றாவது கொஞ்சம் விசித்திரமானது. நாம் செய்வது முழுக்க முழுக்க ஒரு சமரசம். ச–ப பஞ்சமம் பன்னிரண்டையும் சுத்தமாகச் சேர்த்துக்கொண்டே போனால் வட்டம் மூடாது, கடைசியில் அரைச்சுரத்தில், அதாவது அடுத்தடுத்த இரண்டு கட்டைக்கு நடுவே உள்ள இடைவெளியில், ஏறக்குறைய கால் பங்கு மிஞ்சும். அதனால் ஒவ்வொரு பஞ்சமத்தையும் இரண்டு சென்ட் (அரைச்சுரத்தில் நூறில் ஒரு பங்கு ஒரு சென்ட்) குறுக்கி அந்த மிச்சத்தைப் பன்னிரண்டு பேருக்கும் பகிர்ந்து கொடுக்கிறோம். ச–க மேஜர் தேர்டு 14 சென்ட் அகலமாகிவிடும். நடுப்பகுதி எஃப்–ஏ நொடிக்கு ஏழு முறை துடிக்கும், துடிக்கத்தான் வேண்டும். வாசிக்கிறவருக்கு இது எதுவும் தெரியாது. "ஆகா, சுத்தமாக இருக்கிறது" என்பார். யூனிசனும் (ஒரே சுரத்தின் கம்பிகள் சேர்ந்து ஒலிப்பது) ஆக்டேவும் (கீழ் ச–மேல் ச) தவிர எதுவுமே சுத்தமாக இல்லை என்று நமக்கு மட்டும் தெரியும். அந்தக் கள்ளச் சிரிப்பு ஒரு சுகம்.

#3 கருப்புக்கட்டை

நான் ட்யூனர் இல்லை, வீட்டில் பியானோ வைத்திருப்பவள், சொல்லிக்கொடுப்பவள். எதிர்ப்பக்கத்தில் இருந்து ஒன்று சொல்லலாமா?

எங்கள் வீட்டுக்கு வருகிறவர் வேலை செய்யும்போது நான் பக்கத்து அறையில் இருப்பேன். முதல் அரை மணி நேரம் "டங் டங் டங்" என்று ஒரே சுரம், தலை வலிக்கும். அப்புறம் எப்போது என்று சொல்ல முடியாத ஓர் இடத்தில் அந்தச் சத்தம் தொந்தரவாக இருப்பது நின்றுவிடும். அதைக் கவனிக்கவே எனக்குச் சில வருடம் ஆயிற்று. நடு ஆக்டேவ் முடிந்து இரண்டு கையாலும் ஏதோ கோர்டு போட்டுப் பார்ப்பார், அந்த நேரம்தான் என்று நினைக்கிறேன்.

அவர் போனதும் நான் வாசிக்கும் முதல் பத்து நிமிடத்தை யாருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டேன். மாணவர்களைக்கூட அன்று தள்ளித்தான் வரச் சொல்வேன். சிக்கல் என்னவென்றால் அவர் அதைக் கேட்பதில்லை. அடுத்த வீட்டுக்கு ஓடிவிடுவார். ஒருமுறை "கொஞ்சம் இருங்கள், ஒன்று வாசிக்கிறேன்" என்று நிறுத்தினேன். நின்றபடியே கேட்டார், பையைத் தோளில் மாட்டியபடி. முடிந்ததும் ஒன்றும் சொல்லாமல் பையைக் கீழே வைத்துவிட்டு மேல் பகுதியில் ஒரு கம்பியை மட்டும் மறுபடி தொட்டார். எனக்கு வித்தியாசமே தெரியவில்லை! ஆனால் அவர் முகம் மாறிவிட்டது.

#4 அரைச்சுருதி

யாராவது மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும் இல்லையா. 12 வருடம் வீடுகளுக்குப் போனேன், இப்போது பட்டறையில் பழைய பியானோக்களைப் புதுப்பிக்கும் வேலைக்கு மாறிவிட்டேன்.

தம்பி, குளம் தெளிவது எல்லாம் உண்மைதான். அந்தக் குளத்துக்குப் பக்கத்தில் தொலைக்காட்சி ஓடும். "சத்தத்தைக் குறைக்க முடியுமா" என்றால் இரண்டு புள்ளி குறைப்பார்கள். கீழ்ப் பேஸ் கம்பியில் காதைக் கொடுத்திருக்கும்போது மேல் மாடியில் தரை துடைக்கும் இயந்திரம் சரியாக அதே சுரத்தில் உறுமும். நாய் பெடல் பக்கத்தில் படுத்துக்கொள்ளும். பாதி வீடுகளில் "எவ்வளவு நேரம் ஆகும்?" என்ற கேள்விதான் வரவேற்பு.

துரு ஏறிய கம்பி ஒன்று ஒரு வீட்டில் அறுந்தது. ஆரம்பிக்கும் முன்பே சொல்லியிருந்தேன், இது அறுந்துபோகலாம், சுருதியை ஏற்ற வேண்டாம் என்றால் இப்படியே விட்டுவிடுகிறேன் என்று. "பரவாயில்லை, செய்யுங்கள்" என்றார்கள். அறுந்ததும் "நீங்கள் வரும் வரை நன்றாகத்தான் இருந்தது" என்றார்கள். இந்த வாக்கியத்தை இங்கே இருக்கிற எல்லா ட்யூனரும் கேட்டிருப்பார்கள், பந்தயம் கட்டுகிறேன். புதுக்கம்பி போட்டு, அது நீளும் என்பதால் மூன்று முறை திரும்பப் போய்ச் சேர்த்து, ஒரு பைசா வாங்கவில்லை. அடுத்த முறை அவர்கள் வேறு ஆளைக் கூப்பிட்டார்கள்.

இடுப்பு, வலது தோள், காது. மூன்றுக்கும் இந்த வேலையில் வயது கூடுதலாக ஏறும். யூனிசன் நிலைக்கிறதா என்று பார்க்கக் கட்டையை ஓங்கி அடிக்க வேண்டும், அதுவும் ஒரு நாளைக்கு நூற்றுக்கணக்கில். காதுக்கு அடைப்பான் போடாமல் செய்கிறவர்கள் இன்றைக்கே போட ஆரம்பியுங்கள்.

பேச ஆளில்லாத வேலை என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஒரு நாள் முழுக்க வெவ்வேறு வீடுகளில் இருந்திருப்பீர்கள், யாரோடும் பேசியிருக்க மாட்டீர்கள்.

#5 பழையகம்பி

அண்ணே, "நீங்கள் வரும் வரை நன்றாகத்தான் இருந்தது" படித்துவிட்டுச் சத்தமாகச் சிரித்துவிட்டேன். என் கணக்கில் நான்கு முறை.

பேச ஆளில்லை என்றீர்களே, எனக்கு அதுதான் பிடிக்கிறது. ஆளுக்கு ஆள் மாறும் போல.

#6 மரவாசனை

அரைச்சுருதி சார் சொன்னதில் எதையும் மறுக்க மாட்டேன், ஒன்றைத் தவிர. யாரோடும் பேச மாட்டோம் என்பது என் அனுபவத்தில் இல்லை. ஒருவேளை நான் பெண் என்பதால் இருக்கலாம், கதவைத் திறந்ததும் முதலில் "நீங்களா?" என்பார்கள், அப்புறம் இரண்டு மணி நேரத்துக்குள் அந்த வீட்டின் முழுக்கதையும் என்னிடம் வந்து சேர்ந்துவிடும்.

பியானோவைத் திறந்தால் கதை தானாக வருகிறது, அதுதான் காரணம். முன்பலகையைக் கழற்றி, கட்டைகளுக்கு முன்னால் இருக்கும் அந்த நீளப் பட்டையையும் எடுத்தால் உள்ளே என்னவெல்லாம் கிடக்கும்! பென்சில் எப்போதும் இருக்கும். நாணயம், ஊக்கு, ஹேர்பின், சீட்டுக்கட்டில் ஒரு சீட்டு, பொம்மையின் கை. அந்துப்பூச்சி தின்ற ஃபெல்ட். எலி கட்டிய கூடு இரண்டு முறை பார்த்திருக்கிறேன், இரண்டாவது முறை குடியிருப்போடு.

இங்கிலாந்தில் 2016-இல் ஒரு ட்யூனர் ஒரு பழைய பிராட்வுட் பியானோவின் கட்டைகளைத் தூக்கியபோது கீழே பொட்டலம் பொட்டலமாகத் தங்க நாணயம், மொத்தம் 913. ஒரு குடும்பம் பல வருடம் வீட்டில் வைத்திருந்து பள்ளிக்கு அன்பளிப்பாகக் கொடுத்த பியானோ அது. அத்தனை வருடமும் அதன் மேல் பிள்ளைகள் வாசித்திருக்கிறார்கள். கட்டைகள் கனமாக இருக்கின்றன என்றுதான் அவர் பிரித்திருக்கிறார். எனக்கு அந்தச் செய்தியில் தங்கத்தைவிட இந்தக் கடைசி விஷயம்தான் பிடித்தது. கட்டை கனமாக இருந்தால் ஏன் என்று பார்ப்பவர்தான் ட்யூனர்.

எனக்குத் தங்கம் எதுவும் கிடைக்கவில்லை. ஒரு வீட்டில் ஒரு கட்டை பாதியில் நின்றுவிடும், கீழே போகாது. பையன் அந்தச் சுரத்தை விட்டுவிட்டே வாசிக்கப் பழகியிருந்தான். கட்டையைத் தூக்கினால் கீழே, கட்டையை நேராக நிறுத்தும் முன் ஊசி பக்கத்தில், மடித்து மடித்து நகம் அளவுக்கு ஆக்கிய ஒரு காகிதம். பிரித்தால் ஒரு குழந்தையின் கையெழுத்தில் "எனக்குப் பயிற்சி செய்யப் பிடிக்கவில்லை." அந்தப் பையன் எழுதியது இல்லை. அவன் அம்மா எழுதியது, அவளுக்கு எட்டோ ஒன்பதோ வயதில். அவள் அதைக் கையில் வாங்கிக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். மகன் எட்டிப் பார்த்துப் படித்துவிட்டு என்னைப் பார்த்தான், நான் அவனைப் பார்த்தேன். அதற்கு மேல் நான் விளக்க வேண்டியிருக்கவில்லை.

இன்னொன்று. ட்யூனிங்கைவிட எனக்கு மனநிறைவு தந்தவை பெரும்பாலும் சின்ன ரிப்பேர்கள். ஒரு முதியவருக்குக் கைவிரல்களில் மூட்டுவலி, வாசிப்பதையே நிறுத்திவிட்டார். அவர் பியானோவில் கட்டைகளின் துளைகளில் ஒட்டியிருக்கும் துணி ஈரத்தில் ஊதி, ஊசியைப் பிடித்துக்கொண்டிருந்தது. 88 கட்டையையும் ஒவ்வொன்றாகக் கழற்றி, அந்தத் துணியை இடுக்கியால் லேசாக அமுக்கி, உலர்ந்த பொடி தடவி, திருப்பி வைத்தேன். ஒரு முழுநாள். கட்டையின் முன்பக்கம் எடைக்கல் வைத்துப் பார்த்தால் 70 கிராமுக்கு மேல் கேட்டுக்கொண்டிருந்தது 50 கிட்ட வந்துவிட்டது. அவர் உட்கார்ந்து ஒரு ஸ்கேல் வாசித்தார், ஏறி இறங்கி. "என் விரல்தான் போய்விட்டது என்று நினைத்தேன்" என்றார்.

#7 கற்றுக்குட்டி

மரவாசனை மேடம், அந்தக் காகிதக் கதையைப் பேருந்தில் படித்துவிட்டு இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டிவிட்டேன்.

அரைச்சுருதி சார், உங்களிடம் ஒரு கேள்வி. வீடுகளுக்குப் போவதை விட்டதில் வருத்தம் உண்டா?

#8 அரைச்சுருதி

கேட்பாய் என்று தெரியும்.

பட்டறையில் ஒரு பியானோவோடு நான்கு மாதம் இருப்பேன். சுத்தியல் எல்லாம் மாற்றி, முறுக்காணி மாற்றி, ஒலிப்பலகை விரிசலை அடைத்து, கடைசியில் வண்டியில் ஏற்றி அனுப்பிவிடுவேன். அது யார் வீட்டில், எந்த ஜன்னல் பக்கத்தில் நிற்கிறது, யார் வாசிக்கிறார்கள், எதுவும் தெரியாது. வேலை இதுதான் நல்ல வேலை, சந்தேகமே இல்லை. ஆனால் கருப்புக்கட்டை அம்மா சொன்ன அந்தப் பத்து நிமிடம் பட்டறையில் கிடையாது.

போதும், இதற்கு மேல் என்னைக் கிண்டாதே.

#9 புதுமொட்டு

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். கைபேசிச் செயலி இருக்கும்போது காதை வைத்துக் கஷ்டப்படுவது எதற்கு? ஊசி நடுவில் வந்தால் முடிந்தது. நெஞ்சில் உட்காருவது, குளம் தெளிவது எல்லாம் எதற்கு?

#10 அரைச்சுருதி

இந்த விஷயத்தில் நான் செயலிக் கட்சிதான், பாதி. 40, 50 சென்ட் இறங்கிக் கிடக்கும் பியானோவை ஏற்றும்போது கண்ணை மூடிக்கொண்டு செயலியை வைப்பேன். ஒரு பகுதியை ஏற்றினால் ஒலிப்பலகை மேல் அழுத்தம் கூடி ஏற்கனவே ஏற்றியது இறங்கும், அதற்காகக் கொஞ்சம் தாண்டி ஏற்ற வேண்டும், எவ்வளவு தாண்ட வேண்டும் என்பதை அது கணக்குப் போட்டுக் கொடுத்துவிடும். மொத்த இழுவிசை 18, 20 டன் என்றால் விளையாட்டா? அதில் காதை வீணாக்க வேண்டாம்.

ஆனால் சாதாரண ட்யூனர் கருவியின் ஊசியை வைத்து 88 சுரத்தையும் கணக்குப்படி சேர்த்தால் பியானோ செத்துக் கிடக்கும். கம்பி விறைப்பானது, அதன் மேல்சுரங்கள் கணக்கில் வருவதைவிடச் சற்று உயரமாக ஒலிக்கும். அதனால் மேல் ஆக்டேவை இன்னும் மேலேயும் கீழ் ஆக்டேவை இன்னும் கீழேயும் இழுத்து வைக்க வேண்டும். 1938-இல் ரெயில்ஸ்பாக் என்பவர் நல்ல ட்யூனர்கள் சேர்த்த பியானோக்களை அளந்து இதை வரைபடமாகவே போட்டுவிட்டார். எவ்வளவு இழுப்பது என்பது பியானோவுக்குப் பியானோ மாறும். நல்ல செயலி அதையும் அளக்கும், ஒத்துக்கொள்கிறேன்.

#11 பழையகம்பி

யூனிசனை மட்டும் செயலியிடம் கொடுக்காதீர்கள். மூன்று கம்பியும் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும். தனித்தனியாக ஊசி நடுவில் நிற்கும், சேர்த்து அடித்தால் ஒரு மாதிரி இருக்கும். அங்கே காதுதான்.

அதோடு புதுமொட்டு தம்பி, லீவரைப் பற்றி ஒன்று. ஒலி சரியான இடத்துக்கு வந்ததும் கையை எடுத்தால் அது நிற்காது. கம்பி சுற்றியிருக்கும் ஆணி மரத்துக்குள் முறுக்கிக்கொண்டிருக்கும், கம்பியின் மறுபாதி இன்னும் இழுவையில் வந்து சேர்ந்திருக்காது. ஒரு மயிரிழை தாண்டிப் போய், திரும்பி வந்து உட்கார வைக்க வேண்டும். ஆணியின் அடி திரும்பியதா, வெறும் தலை மட்டும் வளைந்ததா என்பது உள்ளங்கையில்தான் தெரியும். எந்தத் திரையிலும் தெரியாது. எனக்கு இது பிடிபட ஐந்து வருடம் ஆயிற்று. பிடிபட்ட நாள் இன்றும் ஞாபகம் இருக்கிறது, வீடு வந்து சேரும் வரை கையைப் பார்த்துக்கொண்டே வந்தேன்.

#12 செவிவழி

நான் இந்த இழையைத் திரைவாசிப்பான் மூலம் கேட்டுக்கொண்டிருக்கிறேன். பிறவியிலேயே பார்வை கிடையாது. 17 வருடமாக ட்யூனர்.

எங்களுக்கு இதில் ஒரு பரம்பரையே உண்டு. பாரிஸில் பார்வையற்றோர் பள்ளியில் படித்த க்ளோத் மோன்தால் என்பவர், 19ஆம் நூற்றாண்டின் தொடக்கம். அவரும் ஒரு நண்பரும் பள்ளியின் பியானோவைப் பிரித்துப் பார்த்திருக்கிறார்கள். பள்ளிக்கு வரும் ட்யூனர் புகார் சொல்ல, தொடக்கூடாது என்று உத்தரவு. இவர்கள் பழைய பியானோ ஒன்றைப் பிடித்து அதை முழுக்கக் கழற்றி மறுபடி பூட்டிக் காட்டினார்கள். பிறகு அதே பள்ளியில் ட்யூனிங் சொல்லிக்கொடுக்கும் ஆள் ஆனார். 1836-இல் இதற்கென்று ஒரு புத்தகமே எழுதினார். அதற்குப் பிறகு பல நாடுகளில் பார்வையற்றவர்களுக்கு இது ஒரு தொழிலாகவே அமைந்தது.

கேள்விக்கு வருகிறேன். ஒரு புது வீட்டுக்குப் போனால் வாசலில் கையைப் பிடித்துக்கொள்வார்கள். "படி இருக்கிறது, பார்த்து." "இங்கே நாற்காலி, மெதுவாக." குரலைக் கொஞ்சம் உயர்த்தி, வார்த்தையை இழுத்துப் பேசுவார்கள், எனக்குக் காது கேட்காது என்பதுபோல! (நான் காதை வைத்துப் பிழைக்கிறவன்.) பியானோ வரை அழைத்துப்போய் விடுவார்கள்.

அங்கே உட்கார்ந்து நாலு கட்டையை அழுத்திப் பார்த்துவிட்டுச் சொல்வேன். "இது வெளிச்சுவரை ஒட்டி நிற்கிறது, இல்லையா? இடப்பக்கம் ஜன்னலோ சூடாக்கியோ இருக்க வேண்டும். நடுவில் வாசிக்கிறவர் ஒருவர்தான், வலது கை பலமானது, பெடலை எப்போதும் மிதித்தபடி வாசிக்கிறார்." ஒரு நிமிடம் சத்தம் இருக்காது. சுத்தியல் எங்கே தேய்ந்திருக்கிறது, எந்தப் பகுதி மற்றதைவிட அதிகம் நகர்ந்திருக்கிறது, பெடல் கம்பி எவ்வளவு தொளதொளப்பு, எல்லாம் ஒலியில் இருக்கிறது. மந்திரம் ஒன்றும் கிடையாது. ஆனால் அதற்குப் பிறகு அந்த வீட்டில் யாரும் என்னிடம் வார்த்தையை இழுத்துப் பேசுவதில்லை. போகும்போது கையைப் பிடிப்பதும் வேறு மாதிரி இருக்கும்.

கொஞ்சம் அலட்டல்தான், ஒத்துக்கொள்கிறேன். ஜன்னல் விஷயத்தில் இரண்டு மூன்று முறை தப்பாகவும் சொல்லியிருக்கிறேன்.

#13 கருப்புக்கட்டை

செவிவழி சார், நான் பெடலை எப்போதும் மிதித்தபடி வாசிப்பவள். எங்கள் ட்யூனருக்கு இது இத்தனை வருடமாகத் தெரிந்திருக்கும் என்பது இப்போதுதான் உறைக்கிறது.

#14 கற்றுக்குட்டி

ஒரு சந்தேகம், அசட்டுக் கேள்வியாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். இவ்வளவு பார்த்துப் பார்த்துச் செய்ததும் ஆறு மாதத்தில் கலைந்துவிடுகிறதே. பெரியவரோடு போன வருடம் செய்த வீட்டுக்கு இந்த வருடம் போனால் முதலில் இருந்து ஆரம்பிக்க வேண்டியிருக்கிறது. மணலில் கோலம் போடுவது போல இருக்கிறது. இது உங்களைச் சோர்வடையச் செய்யாதா?

#15 பழையகம்பி

ஆறு மாதமா? மூடியைச் சாத்தும்போதே கலைய ஆரம்பித்துவிடும். ஒலிப்பலகை மரம். காற்றில் ஈரம் ஏறினால் ஊதும், நடுவில் மேடு தட்டும், மேலே கம்பியைத் தாங்கும் மரப் பிரிட்ஜைத் தூக்கும், கம்பி இறுகும், சுருதி ஏறும். காற்று வறண்டால் எல்லாம் தலைகீழ். நடுப்பகுதிதான் அதிகம் ஆடும். ஈரப்பதத்தை 40 – 50 விழுக்காட்டுக்குள் வைத்துக்கொள்ளுங்கள் என்று ஒவ்வொரு வீட்டிலும் சொல்வேன், எல்லோரும் தலையாட்டுவார்கள், ஒருவர்கூடச் செய்ய மாட்டார்கள்.

சோர்வு இல்லை தம்பி. கலைவதால்தான் திரும்பப் போகிறேன். வருடத்துக்கு இரண்டு முறை ஒரு வீட்டுக்கு, இருபது வருடம். குடும்பத்தில் ஒருவரும் இல்லை, நண்பரும் இல்லை, ஆனாலும் எல்லாம் தெரிந்த ஆள். பெடலுக்குக் கால் எட்டாத குழந்தைக்குக் கீழே பலகை வைத்திருப்பார்கள். ஒரு முறை போனால் பலகை இருக்காது. இன்னொரு முறை போனால் பியானோ மேல் பாடப்புத்தகம் அடுக்கியிருக்கும், வாசிப்பதில்லை என்று அர்த்தம். அப்புறம் அதே பிள்ளை வளர்ந்து வந்து கதவைத் திறக்கும்.

ஒரு விஷயம் உங்கள் பெரியவர் காட்டியிருக்கிறாரா தெரியவில்லை. பழைய ட்யூனர்கள் முதல் கட்டையின் பக்கவாட்டிலோ உள்ளே இரும்புச்சட்டத்தின் ஓரத்திலோ பென்சிலில் தேதி எழுதுவார்கள். வீட்டுக்காரர் கண்ணில் படாது, அடுத்து வருகிற ட்யூனர் மட்டும் பார்ப்பான். சிலர் சுருக்கெழுத்துப் போடுவார்கள், சிலர் "மிக வறட்சி, 15 ஏற்றினேன்" என்று குறிப்பு எழுதுவார்கள்.

எனக்கு வேலை சொல்லிக்கொடுத்தவர் இறந்து எட்டு வருடம் கழித்து, யாரோ சொல்லி ஒரு புது வீட்டுக்குப் போனேன். முதல் கட்டையை வெளியே இழுத்துப் பார்த்தால் அவர் கையெழுத்து. 7 என்ற எண்ணை அவர் ஒரு மாதிரி குறுக்குக்கோடு போட்டு எழுதுவார், பார்த்ததும் தெரிந்துவிட்டது. தேதிக்குக் கீழே "பையன் உடன் வந்தான்" என்று இருந்தது. அந்தப் பையன் நான்தான். அந்த வீட்டுக்கு வந்ததாக எனக்கு ஞாபகமே இல்லை. ஒருவேளை வாசலில் பையைப் பிடித்துக்கொண்டு நின்றிருப்பேன்.

அன்றைக்கு அந்தப் பியானோவுக்கு மூன்றரை மணி நேரம் எடுத்துக்கொண்டேன். வீட்டுக்காரம்மா "ஏதாவது பெரிய பிரச்சினையா?" என்று இரண்டு முறை வந்து கேட்டார்.

#16 மரவாசனை

பையன் உடன் வந்தான்...

நான் நாளை போகிற வீட்டில் இருந்து தேதி எழுத ஆரம்பிக்கிறேன்.

#17 அரைச்சுருதி

பட்டறைக்கு வரும் பியானோக்களில் இவற்றை நான் நிறையப் பார்ப்பேன். கட்டைக்குப் புது மேற்பூச்சு போட்டாலும் அந்தப் பக்கவாட்டை மட்டும் தேய்க்க மாட்டேன். எனக்குக் கூலி கொடுக்கிறவர்கள் இதற்கு ஒப்புக்கொள்ள வேண்டும் என்று இல்லை, கேட்டதும் இல்லை.

#18 கற்றுக்குட்டி

மூன்று வாரம் கழித்து வருகிறேன். பெரியவருக்கு உடம்பு சரியில்லை (இப்போது தேறிவிட்டார்), அதனால் முதல் முறையாகத் தனியாக ஒரு வீட்டுக்குப் போனேன். புது வாடிக்கை.

பியானோ ஏறக்குறைய 30 சென்ட் இறங்கியிருந்தது. முதல் சுற்றில் வேகமாக ஏற்றிவிட்டு, இரண்டாவது சுற்றில் நிதானமாகச் சேர்த்தேன். இரண்டு மணி நேரத்தில் முடிக்க வேண்டியது மூன்றே கால் ஆயிற்று. முடிந்ததும் கோர்டு போட்டுப் பார்த்தால் நடு டி அடிக்கும்போதெல்லாம் "ஸ்ஸ்ர்ர்" என்று ஒரு இரைச்சல். எனக்கு உயிரே போய்விட்டது. ஒலிப்பலகை விரிசலா, கம்பி எதையாவது தொடுகிறதா, முன்பலகை திருகு தளர்வா. எல்லாவற்றையும் பார்த்தேன். இருபது நிமிடம். வீட்டில் இருந்த பாட்டி என்னையே பார்த்துக்கொண்டிருந்தவர், எழுந்து வந்து சுவர் அலமாரியில் இருந்த ஒரு போட்டோ சட்டத்தின் மேல் விரலை வைத்தார். "இப்போது அடியுங்கள்." இரைச்சல் இல்லை. சட்டத்தின் கண்ணாடி! "முன்பெல்லாம் இது வராது. சுருதி சரியானதும்தான் இவர் பாட ஆரம்பிக்கிறார்" என்றார். போட்டோவில் இருப்பவர் யார் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. சட்டத்துக்குப் பின்னால் ஃபெல்ட் துண்டு ஒன்று செருகிவிட்டு வந்தேன்.

வேலையை விடுவது பற்றி இன்னும் முடிவு எடுக்கவில்லை. அலுவலகத்தில் வாரத்துக்கு மூன்று நாள் தருகிறார்களா என்று கேட்டிருக்கிறேன்.

நடைமுறைச் சந்தேகம் ஒன்று: மேல் பகுதியில் மூன்று ஆணி தொளதொளப்பு, லீவருக்குப் பிடியே கொடுக்கவில்லை. சேர்த்துவிட்டு வந்தேன், நிற்குமா என்று பயமாக இருக்கிறது.

#19 மரவாசனை

மூன்றுதான் என்றால் பதற வேண்டாம். வறண்ட மாதங்களில் மரம் சுருங்கி ஆணி தளரும், ஈரம் ஏறியதும் கொஞ்சம் பிடிக்கும். ஒரு மாதம் கழித்துப் போய்ப் பாருங்கள். இறங்கியிருந்தால் ஆணியின் அடியில் மெல்லிய சூப்பர் க்ளூ சொட்டுச் சொட்டாக விடலாம், மரத்துக்குள் இறங்கிப் பிடித்துக்கொள்ளும். அதற்கும் கேட்கவில்லை என்றால் ஒரு சுற்று பெரிய ஆணி. க்ளூவை முதலில் உங்கள் பெரியவரிடம் இருக்கும் ஓட்டை பியானோ எதிலாவது செய்து பாருங்கள். அடுத்தவர் வீட்டில் கற்றுக்கொள்ள வேண்டாம். கீழே துணி விரிக்காமல் தொடவும் வேண்டாம்.

தேதி எழுதினீர்களா?

#20 கற்றுக்குட்டி

எழுதினேன், முதல் கட்டையின் பக்கவாட்டில். ஏற்கனவே நான்கு தேதி இருந்தது, எல்லாம் ஒரே கையெழுத்து. கடைசித் தேதிக்கும் என் தேதிக்கும் நடுவில் 11 வருடம்.